நாற்பத்தொன்றாம் டோக்கன்

பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். திண்டிவனத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்த ஒரு ஸ்கேன் சென்டரில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஏதாவது வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. எதுவும் வராவிட்டால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். ஏதாவது வந்தால் சென்னைக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். இதை விழுப்புரத்தில் எங்கள் வீட்டில் புரியவைக்கப் பல நாள் முயன்று கைவிட்டேன். விசாரிக்கிறவர்களிடம் அப்பா, "டிவி பாக்குற வேலைங்க. படம் வராது, எழுத்து மட்டும் வரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் அதைக் கேட்டுவிட்டு, பஜ்ஜியைச் சாப்பிட்டு முடித்து, போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனது. இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

ரிப்போர்ட் டைப் அடிப்பது, டோக்கன் கொடுப்பது, வாந்தி வருகிறவர்களுக்கு வாஷ்பேசின் இருக்கும் பக்கம் காட்டுவது என்று வேறு வேலைகளும் இருக்கத்தான் செய்தன. ஆனால் கம்ப்யூட்டர் டிப்ளமா படித்தவள் என்று சேர்த்தது அந்தத் திரைக்காக.

சென்டரை நடத்தியவர்கள் புருஷனும் மனைவியும். அவர் வேறொருவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்து, கடன் வாங்கிச் சொந்தமாக ஆரம்பித்தவர். எல்லோருக்கும் அவர் சார். அதிகம் பேச மாட்டார். "மூச்சை இழுங்க, புடிங்க, உடுங்க" என்ற மூன்றைத் தவிர ஒரு நாளைக்கு அவர் வாயிலிருந்து வருவது கம்மி. அவர் பேசாததையும் சேர்த்துப் பேசியவர் அவர் மனைவி. அவரை நாங்கள் அக்கா என்று கூப்பிட்டோம். வாசல் மேஜையில் உட்கார்ந்து வருகிற சனத்தை மேய்த்தது அவர்தான். யார் சாப்பிட்டுவிட்டு வந்து சாப்பிடவில்லை என்று பொய் சொல்கிறார்கள் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

நான் சேர்ந்த மாதம்தான் சென்னையிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்து விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். ரெண்டாயிரத்து நாலு, அஞ்சு வாக்கில் இருக்கும். அது இலவசம் என்று அவர் சொன்ன உடனே அக்கா மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. இன்ஜினியர் ஒரு பழைய கம்ப்யூட்டரைச் சர்வர் ஆக்கி, வாசல் மேஜைக்குப் பக்கத்தில் மயிலம் முருகன் படத்துக்குக் கீழே வைத்தார். படம், மவுஸ் எதுவும் அதில் கிடையாது. வெறும் எழுத்துதான். அதற்கு இரண்டு வேலை. ஒன்று, ரிப்போர்ட்டுகளைச் சேர்த்து வைப்பது. இன்னொன்று, டோக்கன் கூப்பிடுவது. நான் ஒரு பட்டனைத் தட்டினால் ஸ்பீக்கரில் அடுத்த எண் வரும்.

அந்த எண்களைப் பேசியது அக்கா. ஒரு மத்தியானம் எக்ஸ்ரே அறையில் பதிந்தார்கள். ஈயத் தகடு அடித்த கதவு என்பதால் மூடினால் பஸ் ஹாரன் கேட்காது. இன்ஜினியர் மைக்கைப் பிடித்துக்கொள்ள, அக்கா ஒன்றிலிருந்து நூற்றிருபதுவரை சொன்னார். முதல் பத்து எண்களும் ரேடியோவில் செய்தி வாசிப்பதைப் போல இருக்கும். இருபதுக்கு மேல் அவருடைய சொந்தக் குரல் வந்துவிட்டது. அறுபத்தி ஏழில் இன்ஜினியர் தும்மப் போக, அக்கா அடக்கிக்கொண்ட சிரிப்பு அப்படியே பதிந்திருக்கிறது. தொண்ணூறுக்கு மேல் களைத்துப்போய், சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும் என்ற அவசரம் தெரியும். மறுபடி பதியலாமா என்று இன்ஜினியர் கேட்டார். "நோயாளிக்கு நம்பர் தெரிஞ்சா போதும், நான் இன்னா கச்சேரியா பண்றேன்" என்று அக்கா எழுந்து போய்விட்டார்.

நான்கு வருடம் கழித்து அக்கா இறந்துபோனார். அவருக்கு வந்த நோய் எங்கள் மிஷினில்தான் முதலில் தெரிந்தது. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து சென்டரைத் திறந்தோம். நான் டோக்கன் கொடுத்துவிட்டுப் பட்டனைத் தட்டினேன். "டோக்கன் எண் ஒன்று" என்றார் அக்கா. சாரைப் பார்த்தேன். அவர் எக்ஸ்ரே அறையிலிருந்து வெளியே வந்து, அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து, பில் புத்தகத்தை எடுத்துக்கொண்டார். எக்ஸ்ரே எடுக்க வேறு ஆள் வைத்தார். அன்றிலிருந்து அவர் இடம் அந்த நாற்காலி. தலைக்கு நேர் மேலே ஸ்பீக்கர் இருந்தது.

பழைய நோயாளிகள் சிலருக்கு விஷயம் தெரியாது. மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், உள்ளே இருக்கும் அக்காவைப் பார்க்காமல் போக மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். இல்லை என்று நான் சொன்னதை நம்பவில்லை. இப்போதுதானே என்னைக் கூப்பிட்டார் என்று கேட்டார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று எந்த டிப்ளமாவிலும் சொல்லித்தரவில்லை. சார் எழுந்து வந்து, வெளியே போயிருக்கிறாள், வந்தால் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தார்.

திரையில் முதல் வரி வந்தது அதற்கு அடுத்த வருடம். நான் ரிப்போர்ட்டுக்காக ஒரு கட்டளையைப் பாதி அடித்திருந்தேன். நடுவில் வந்து உட்கார்ந்தது. டிரைவ் ரெடி, சீக் கம்ப்ளீட், எரர். தயார், தேடிப் பார்த்தாயிற்று, பிழை. எங்கள் லேப் டெக்னீஷியனும் அப்படித்தான். எந்த வேலை சொன்னாலும் ரெடி என்பார், பார்த்துட்டேன் என்பார், கடைசியில் ஒன்றும் நடந்திருக்காது. அதனால் எனக்குப் பெரிதாக ஆச்சரியம் இல்லை. சென்னைக்குப் போன் போட்டு ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். இன்ஜினியர் அடுத்த வரியையும் கேட்டார். அன்கரெக்டபிள் என்று இருந்தது. திருத்த முடியாதது. பார்த்துக்கொண்டே இருங்கள் மேடம் என்றார் அவர். அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன் என்று எரிச்சலாக வந்தது.

அந்த வாரமே வாசலில் சண்டை வந்துவிட்டது. வயிற்று ஸ்கேனுக்கு வருகிறவர்கள் நிறையத் தண்ணீர் குடித்து அடக்கிக்கொண்டு உட்கார வேண்டும். கூட்டேரிப்பட்டிலிருந்து வந்த ஒருவர் அப்படி உட்கார்ந்திருந்தார். நாற்பது முடிந்து நான் பட்டனைத் தட்டியதும் சத்தமே வரவில்லை. திரையில் அந்த வரி மட்டும் வந்தது. சரி, அடுத்தது என்று தட்டினேன். நாற்பத்திரண்டு ஒழுங்காகக் கேட்டது. நாற்பத்தொன்றாம் ஆள் வந்து கேட்காததால், டீ குடிக்கப் போயிருப்பார் என்று நான் அடுத்தடுத்த எண்களுக்குப் போய்விட்டேன். உச்சி வெயில் நேரத்தில் அந்த மனிதர் எழுந்து வந்தார். நேராக நிற்க முடியவில்லை அவரால்.

"மூணு சொம்பு தண்ணி குடிச்சிட்டுக் குந்திக்கினு இருக்கேன். அந்தம்மா நாப்பதைக் கூப்ட்டாங்க, நாப்பத்தி ரெண்டைக் கூப்ட்டாங்க. நடுவுல நான் இன்னா பாவம் பண்ணேன்?"

அவரை உடனே உள்ளே அனுப்பினோம். டாக்டர் ஸ்கேன் செய்துவிட்டு, இவ்வளவு தெளிவான படம் இந்த வருடம் பார்க்கவில்லை என்று பாராட்டினாராம்.

சார் அன்றுதான் முதல்முறையாக என் பின்னால் வந்து நின்று அந்தத் திரையைப் பார்த்தார். என்ன சொல்கிறது என்று கேட்டார். டிஸ்க் கெட்டுக்கொண்டு வருகிறது, நாற்பத்தொன்று இருக்கும் இடத்தை அதனால் படிக்க முடியவில்லை என்றேன். ரிப்போர்ட்டுகளுக்குப் பயமில்லை, தினமும் சாயந்திரம் வேறு கம்ப்யூட்டரில் நகல் எடுத்து வைக்கிறோம் என்றும் சொன்னேன். குரலுக்கு மட்டும் நகல் கிடையாது. அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. புது டிஸ்க் வாங்கி, யாரையாவது வைத்து எண்களைப் பேசிப் பதிந்துவிடலாம், ஒரு மணி நேர வேலை, வேண்டுமானால் நீங்களே பேசுங்கள் மேடம் என்று இன்ஜினியர் யோசனை சொல்லியிருந்தார். அதையும் சொன்னேன்.

சார் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவ கொரலு வேற எங்கியும் இல்லம்மா" என்றார். "கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கல. செல்லுல யாரும் புடிச்சி வைக்கல. இதுதான் இருக்குது."

அவர் என்னிடம் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அதுதான் முதல்முறை. அதற்குப் பிறகு அது எனக்கு வெறும் சம்பள வேலையாக இல்லை.

எல்லா எண்களையும், ரிப்போர்ட் டைப் அடிக்கும் கம்ப்யூட்டருக்கு நகல் எடுக்க ஆரம்பித்தேன். ஓர் எண்ணுக்கு ஒரு கோப்பு. பெரும்பாலானவை மறுபேச்சில்லாமல் வந்துவிட்டன. பத்துப் பன்னிரண்டு முரண்டு பிடித்தன. அந்த இடத்துக்கு வந்ததும் டிஸ்க் டிக் டிக் என்று தட்டும். கொஞ்ச நேரம் கழித்து அந்த வரியைத் துப்பும். மறுபடி போடுவேன். மறுபடி துப்பும். விடாமல் போட்டுக்கொண்டே இருங்கள், ஏதாவது ஒரு தடவை படித்துவிடும் என்றார் இன்ஜினியர். இன்னொன்றும் சொன்னார். எந்தக் காரணம் கொண்டும் நிறுத்தாதீர்கள். இந்த நிலைமையில் சுற்றிக்கொண்டிருக்கும் டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும். நின்றால் மறுபடி கிளம்பாது.

கரண்ட் கட் உச்சத்தில் இருந்த காலம் அது. ஒரு நாளைக்கு எத்தனை முறை போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. சார் இன்வெர்ட்டருக்கு இன்னொரு பேட்டரி வாங்கி மாட்டினார். வீட்டில் ஃபேனுக்குக்கூட அவர் இன்வெர்ட்டர் போட்டிருக்கவில்லை. நான் காலையில் வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், டிஸ்க் சுற்றும் சத்தம் வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்பேன். டோக்கன் கொடுக்கும் நேரம் போக மிச்ச நேரம் முழுக்க அதே கட்டளை, அதே டிக் டிக், அதே வரி. சாயந்திரம் கிளம்பும்போது சார், "எவ்ளோ வந்துது?" என்று மட்டும் கேட்பார்.

முப்பத்து மூன்று வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. டிக் டிக் சத்தம் நின்றது. எந்த வரியும் வராமல் கர்சர் அடுத்த வரிக்குப் போய் மினுக்கிக்கொண்டு நின்றது. அந்தத் திரையில் நல்ல செய்திக்கு எழுத்தே கிடையாது. நான் அதைப் போட்டுக் காட்டினேன். அக்கா முப்பத்தி மூணு என்றார். மைக்குக்குப் பக்கத்தில் வளையல் உரசுவதும் கேட்டது. சார் பில் எழுதிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவருடைய ரத்தப் பரிசோதனை பில்லில் பேனா அப்படியே நின்று மை ஊறி ஒரு பொட்டு விழுந்தது.

இப்படி ஒவ்வொன்றாக வந்து, கடைசியில் நாற்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, தொண்ணூற்றாறு என்று மூன்று பாக்கி இருந்தபோது ஆயுத பூஜை வந்தது.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜை அன்று மிஷின் ஓடக் கூடாது. துடைத்து, பொட்டு வைத்து, பூ போட்டு, படையல் போட்டுவிட்டால் மறுநாள் நல்ல நேரத்தில்தான் எடுக்க வேண்டும். அரிவாள்மனையிலிருந்து லாரிவரை எல்லாவற்றுக்கும் அன்று லீவு. சென்டரில் இதைக் கறாராக வைத்திருந்தவர் அக்கா. எக்ஸ்ரே மிஷின், ஸ்கேன் மிஷின், மைக்ராஸ்கோப், சாருடைய பைக் எல்லாவற்றுக்கும் தன் கையால் பொட்டு வைப்பார். ஃப்ரிட்ஜை மட்டும் விடலாமே, உள்ளே கெமிக்கல் இருக்கிறது என்று லேப் டெக்னீஷியன் ஒரு வருடம் கெஞ்சியதற்கு, ஐஸ் பெட்டி வாங்கிக் கொடுத்து அதையும் நிறுத்திவிட்டார்.

சார் தட்டில் சந்தனம், குங்குமத்தோடு ஒவ்வொரு மிஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தார். பொரி, கடலை, பூசணிக்காய் எல்லாம் தயார். சர்வர் பக்கம் வந்ததும் நின்றார். அது ஓடிக்கொண்டிருந்தது.

நான் முந்திக்கொண்டேன். பொட்டு வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்த மட்டும் வேண்டாம், இன்னும் மூன்று இருக்கிறது, நிறுத்தினால் அவ்வளவுதான் என்றேன்.

"நிறுத்தலன்னா மூணும் வந்துடுமா?"

"அப்படிச் சொல்ல முடியாது சார். வரலாம்."

சார் தட்டைக் கீழே வைத்தார். "அவ இருந்தா நிறுத்துன்னுதான் சொல்லுவா" என்றார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இத்தனை நாள் உட்கார்ந்து அந்த டிக் டிக்கைக் கேட்டவள் நான். மரியாதையெல்லாம் பார்க்கவில்லை. "டிஸ்க் கெட்டுப்போயிருக்குன்னு சாமிக்குத் தெரியாதா சார்? ஒரு வருஷம் மன்னிக்காதா?" என்று கேட்டேன்.

"சாமி மன்னிச்சிடும்மா" என்றார். "நான் சொல்றது சாமியை இல்ல. வருஷா வருஷம் அவ நிறுத்தினா. அவ கொரலை வச்சிக்கிறதுக்காக அவ பேச்சைத் தட்டினா, அப்புறம் நான் இன்னாத்த வச்சிக்கினு இருக்கேன்?"

லேப் டெக்னீஷியன் பூசணிக்காயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நிறுத்த மாட்டேன் என்றேன். சார் கோபப்படவில்லை. குனிந்து பிளக்கைத் தேட ஆரம்பித்தார். அப்படிப் பிடுங்கினால் மிச்சமிருக்கும் மூன்றும் மொத்தமாகப் போய்விடும் என்று பதறி, நானே கீபோர்டை இழுத்துக் கட்டளையை அடித்தேன். எதை எதை நிறுத்துகிறோம் என்று திரை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு போனது. கடைசி வரிக்குப் பிறகு டிஸ்க் சுற்றும் சத்தம் இறங்கி இறங்கி நின்றது. அவ்வளவு நாள் கேட்டுக்கொண்டே இருந்த சத்தம் இல்லாமல் அறை என்னவோ போல் ஆனது. சார் திரைக்கும் பெட்டிக்கும் பொட்டு வைத்து, ஒரு முழம் பூ போட்டார். நான் பொரியை வாங்காமல் பஸ் ஏறிவிட்டேன். விழுப்புரம் போய்ச் சேரும்வரை எனக்கு ஆறவில்லை.

மறுநாள் நல்ல நேரத்தில் போட்டோம். டிக், டிக், டிக். பிறகு அந்தச் சத்தமும் இல்லை. டிஸ்க் இல்லை, டிஸ்க்கைப் போடவும் என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது. பொட்டு வைத்த பெட்டி அது.

"இன்னா சொல்லுது?"

"போயிடுச்சி சார்."

"சரி" என்றார். போய் ஷட்டரை முழுசாகத் தூக்கிவிட்டார். வெளியே அதற்குள் நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

சென்னையிலிருந்து புது டிஸ்க்கோடு இன்ஜினியர் வந்து, மீட்டு வைத்திருந்த எண்களையெல்லாம் ஏற்றினார். மூன்று போக மிச்சமெல்லாம் இருந்தன. இந்த மூன்றுக்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. நாற்பத்திரண்டிலிருந்து முன்பாதியையும் ஐம்பத்தொன்றிலிருந்து பின்பாதியையும் வெட்டி ஒட்டினார். போட்டால் அக்கா நாப்பத்தி ஒண்ணு என்றார். ஒட்டு தெரியவே இல்லை. அவருக்கும் பெருமை, எனக்கும் உயிர் வந்தது. சாரைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினோம். இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டோம்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார். "ஆனா இதை அவ சொல்லலியே. வேணாம்."

அப்படியானால் அந்த மூன்று டோக்கனையும் கொடுக்காமலே விட்டுவிடலாம் என்றார் இன்ஜினியர். சார் தன் நாற்காலிக்குப் போய்ப் பில் புத்தகத்தைத் திறந்துகொண்டார். இன்ஜினியர் சாயந்திர பஸ்ஸில் போய்விட்டார். சார் எதையும் மாற்றச் சொல்லாததால் நானும் மாற்றவில்லை.

அடுத்த நாள் நல்ல கூட்டம். ஒன்றிலிருந்து அக்கா வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நாற்பதில் ஒரு பாட்டி எழுந்து உள்ளே போனார். நான் பட்டனைத் தட்டினேன். சத்தம் இல்லை. திரையில் அந்தக் கோப்பைக் காணவில்லை என்று ஒரு வரி வந்தது. முன்பு வராத எண்களைக் கூப்பிட்டதைப் போல இதையும் நாமே கூப்பிட்டுவிடலாம் என்று நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் ஸ்பீக்கருக்குக் கீழே நாற்காலி நகர்ந்தது. சார் எழுந்து நின்றார்.

"டோக்கன் எண் நாப்பத்தி ஒண்ணு."

தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. பழக்கமில்லாத குரல். அதட்டுகிறார் என்று நினைத்து ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. நாற்பத்தொன்று கையில் வைத்திருந்தவர் பயந்துகொண்டே எழுந்து போனார். சார் உட்கார்ந்துகொண்டார். முகம் காதுவரை சிவந்திருந்தது.

என் கோபம் அந்த இடத்தில்தான் போனது. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, எக்ஸ்ரே அறையில் வைத்து உங்கள் குரலில் அந்த மூன்றையும் பதிந்துவிடலாமா சார், நீங்கள் ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்க வேண்டாமே என்று கேட்டேன்.

"எதுக்கும்மா?" என்றார், பில் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல். "நான் உயிரோடதானே இருக்கேன்."

நான் பட்டனைத் தட்டினேன். அக்கா நாற்பத்திரண்டைக் கூப்பிட்டார்.